உள்கம்பியில் மூன்று பொட்டு

போன வாரம் செம்பட்டியிலிருந்து ஒருவர் கைபேசியில் அழைத்தார். இன்ஜினியரிங் படித்தவர், குரலில் நல்ல சுறுசுறுப்பு. என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா, பில்லியர்ட்ஸ் ஆடுற கம்பு இருக்குல்ல, அதோட முன்பாதிய கார்பன் ஃபைபர்ல செய்யலாம்னு இருக்கேன். சின்னப் பட்டறையில அது முடியுமா? திண்டுக்கல்லுல நீங்க செஞ்சதாச் சொன்னாங்க. முடியும், முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொன்னாப் போதும்" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல நான் பொருத்தமான ஆள்தான். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே வார்த்தை சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். அந்த வார்த்தை 'ஆகாது'. பட்டறையில் செய்து முடித்த சாமானைக் கடைசியாகச் சோதித்து அனுப்புவது என் வேலை. கொஞ்சம் வளைந்திருந்தால் ஆகாது, கொஞ்சம் பருத்திருந்தால் ஆகாது. மாணிக்கம் என்ற என் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையும் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "அண்ணே, சாம்பார் ஆகுமா ஆகாதா?" என்று எதிர்வரிசையில் இருந்து குரல் கொடுப்பார்கள். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "உப்பு ஆகாது" என்பேன்.

செம்பட்டிக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? செய்தோம். நன்றாகவே செய்தோம். அதனால்தான் ஒரு வார்த்தை போதவில்லை. இனி எழுதுவதை அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் சேர்ந்தது தாடிக்கொம்பு ரோட்டில் இருந்த பெர்னார்ட் சார் பட்டறையில். நூல் மில்களுக்கு உருளைகள் கடைந்து, சாணை பிடித்துக் கொடுக்கும் பட்டறை. முதலில் கூட்டிப் பெருக்கினேன், அப்புறம் எண்ணெய் போட்டேன், அப்புறம் டயல் கேஜைக் கையில் கொடுத்தார்கள். மயிரிழை வளைவு இருந்தாலும் முள்ளை ஆட்டிக் காட்டிக்கொடுக்கும் மானி அது. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், தலை நரைத்தது. பயிற்சி பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, அதன் பையில் பேனாவோடு ஒரு சின்ன டார்ச். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நான் ஆகாது என்று ஒதுக்கிய சாமானைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். நோயாளியைத் தொடப் போகிற டாக்டர் மாதிரி இருக்கும். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எங்கே?"

யார் செய்தது என்று கேட்க மாட்டார். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவன், "சார், இது முருகேசன் பாத்த வேலை" என்று போட்டுக்கொடுத்தபோது சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாருன்னு கேட்டா ஆளு ஒளிவான். எங்கேன்னு கேட்டா தப்பு வெளிய வரும். எங்கேன்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் யாரும் யார் பெயரையும் சொன்னதில்லை. தப்பு செய்தவனே வந்து, "சார், இங்கே" என்று காட்டுவான். இப்படி ஒரு முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போக மனசு வராது. எனக்கும் வரவில்லை.

மில்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூட ஆரம்பித்தபோது எங்களுக்கும் வேலை சுருங்கியது. உருளை கேட்டு வந்த லாரிகள் நின்றன. அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் வியாபாரி ஒருவர், வெளிநாட்டிலிருந்து தருவித்த கறுப்புக் குழாய்களைக் கொண்டுவந்து, சாணை பிடித்துச் சீராக்கித் தர முடியுமா என்று கேட்டார். பில்லியர்ட்ஸ் கம்பின் முன்பாதிக்கான கார்பன் குழாய்கள் அவை. நுனியில் மெலிந்து, அடியில் பருத்து, தூக்கினால் கையில் எடையே தெரியாமல் இருந்தன. மரக்கம்பு மழைக்காலத்தில் வளையும், இது வளையாது என்றார். எங்கள் மெஷினில் தண்ணீர் ஊற்றிச் சாணை பிடித்துக் கொடுத்தோம். அவருக்குத் திருப்தி.

ஒருநாள் சார் அந்தக் குழாய் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாணிக்கம், இந்தக் குழாயையே நாம செஞ்சா என்ன?"

"நமக்கு இரும்பைத் தவிர என்ன சார் தெரியும்?"

"இதுக்குள்ளயும் இரும்புதான் இருந்திருக்கு. உருவிட்டாங்க" என்றார்.

அது உண்மைதான். கார்பன் குழாய் எப்படி உருவாகிறது என்பதைச் செம்பட்டிக்காரருக்காகச் சொல்லிவிடுகிறேன். பசை ஏற்றிய கறுப்புத் துணி ஒன்று வரும். அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பசை தானாக இறுகிவிடும். நாங்கள் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பெட்டியை வாங்கினோம். மின்சாரம் போனால் அதன் மேல் கம்பளியும் சாக்கும் போர்த்துவோம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக்கூடாது. குளிர் அடங்கும்வரை அப்படியே விட வேண்டும், அவசரப்பட்டால் துணியில் வேர்வை கோத்துவிடும். அப்புறம் துணியை வெட்டி, ஒன்றை நீளவாக்கில், ஒன்றைச் சாய்வாக என்று அடுக்கி, பளபளவென்று மெருகேற்றிய எஃகுக் கம்பியின் மேல் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். அந்தக் கம்பியை நாங்கள் உள்கம்பி என்போம். சுற்றியதற்கு மேல், சூட்டில் சுருங்கும் நாடாவைச் சுற்றி அடுப்பில் வைப்போம். அடுப்பு, இரும்புப் பீரோவுக்குப் பெயிண்ட் சுடுகிற பழைய அடுப்பு. திண்டுக்கல்லில் அதற்கா பஞ்சம்? வெந்து ஆறியதும் உள்கம்பியை உருவினால் குழாய் தனியே வந்துவிடும். வெளியே சாணை, உள்ளே நுரை ஊற்றி அடைப்பு, நுனியில் மூடி, கடைசியில் என் மேஜை.

துணி சுற்றியவள் ரெஜினா. அவள் அம்மா சுருட்டுக் கம்பெனியில் புகையிலை சுற்றியவர். ரெஜினா பெருவிரலால் துணியை ஒரு தள்ளுத் தள்ளினால் நடுவில் காற்றுக் குமிழி நிற்காது. "அண்ணே, எங்கம்மா சுத்துனது புகையாப் போயிருச்சு. நான் சுத்துறதாவது நிக்கட்டும்" என்பாள்.

ஆனால் மொத்த வேலையின் உயிர் உள்கம்பியில்தான் இருந்தது. அதில் சிறு கீறல் இருந்தாலும் பசை உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். உருவும்போது குழாயின் உள்தோலைக் கிழித்துக்கொண்டு வரும். உள்கம்பிகளுக்கு மெருகு ஏற்றியவர் சுப்பையா அண்ணன். என்னைவிட மூத்தவர். வத்தலக்குண்டுப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். யாராவது அவருடைய உள்கம்பியை வெறும் கையால் தொட்டால் மட்டும், "ஏலே, வேர்வைக் கையி! அங்கிட்டுப் போ" என்று பாய்வார். முதலாளியே தொட்டாலும் அவர் போன பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு தரம் துடைத்து வைப்பார்.

முதல் செட்டுக்களை நான் ஆகாது என்றேன். அடுத்தவற்றையும் ஆகாது என்றேன். ரெஜினா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒரு செட்டு வந்தது. கண்ணாடிப் பலகையில் உருட்டிவிட்டேன், கம்பு தள்ளாடாமல் ஓடி மறுமுனையில் நின்றது. மானி முள் அசையவில்லை. சார் கை கழுவிவிட்டு வந்து, "எங்கே?" என்றார்.

"எங்கேயும் இல்ல சார்" என்றேன்.

அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி. பெங்களூர் வியாபாரி தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்தக் கம்பு ஓடினால் பட்டறை ஓடும், இல்லையென்றால் பூட்டுத்தான் என்று சார் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆகவே அந்தப் பிரியாணியை எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டோம்.

சுப்பையா அண்ணன் அடுத்த கோடையில் இறந்துபோனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சார் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார். முன்பு ஒரு தடவை சாருக்கு ஆபரேஷன் நடந்தபோது சுப்பையா அண்ணன் யாரிடமும் சொல்லாமல் சர்ச்சில் இருக்கும் மாதா கெபிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தவர். அது சாருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

எங்கள் பட்டறையில் கிறிஸ்துமஸுக்கு கேக், ஆயுத பூஜைக்குப் பொரிகடலை. இரண்டும் சார் செலவுதான். ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவி, பூ வைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். சார் கடைசியில் கை கட்டி நிற்பார். உள்கம்பிகளுக்குப் பொட்டு வைப்பது மட்டும் சுப்பையா அண்ணன் வேலை, வேறு யாரையும் அண்ட விடமாட்டார். அந்த வருடம் பூஜைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வைக்கிறேன் என்று முன்னால் போனேன்.

"இருங்க மாணிக்கம்" என்றார் சார். "எனக்காக அவரு மெழுகுவத்தி ஏத்துனாரு. அவருக்காக இத நான் வைக்கிறேன்."

ரெஜினா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சார் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்கம்பி அடுக்கிய அறைக்குப் போனார். ரெஜினா குங்குமத் தட்டோடு பின்னால் போனாள். நான் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒவ்வொரு உள்கம்பியிலும் அளவெடுத்த மாதிரி மூன்று பொட்டு, நடுவில் குங்குமம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு கிறிஸ்தவர் வைத்த பொட்டு என்று சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி.

பூஜைக்கு வைத்ததை எடுக்கக்கூடாது என்று அப்படியே பூட்டிவிட்டுப் போனோம். விடுமுறையோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டது. அந்த நாட்களில் நல்ல மழை. திரும்பி வந்ததும் சார் தன் கையாலேயே பொட்டுக்களை ஈரத்துணியால் துடைத்தார். புதிதாக மெருகு போட வந்த பையன் ஒரு சுற்று மெருகேற்றினான். உள்கம்பிகள் பளபளவென்று வந்தன. அடுத்த செட்டுக்கள் ஆரம்பமாயின. உருவும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தன, மழைக்காலம் அப்படித்தான் என்றார்கள். வெளியே வந்த கம்புகளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நேராக இருந்தன, எடை சரி, பருமன் சரி. அனுப்பிவைத்தோம்.

வியாபாரியின் போன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. ஆட்டத்தின் முதல் குத்தைப் பலமாகக் குத்துவார்களாம். அப்படிக் குத்திய ஒருவரின் கையில் கம்பு ஒடிந்து, கார்பன் சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிட்டது. உடைந்த துண்டுகள் பார்சலில் வந்தன. சார் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"எங்கே?"

முறிந்த வாயைப் பார்த்தேன். வெளித்தோல் நன்றாக இருந்தது. உள்தோல் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து முறிந்த இடத்துக்கு அளவெடுத்துக்கொண்டேன். பட்டறையில் இன்னும் நுரை அடைக்காத குழாய்கள் சில இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் அளந்த அதே தூரத்தில், கறுப்புப் பளபளப்புக்கு நடுவே மங்கலாக ஓர் இடம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று. அடுத்த குழாயிலும் அதே இடங்களில் அதே மங்கல். நுரை அடைத்த பிறகு இது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு குழாயை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தேன். மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில் இருந்தன. பிளந்த குழாயை எடுத்துக்கொண்டு உள்கம்பி அறைக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தை வைத்து மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டே வந்த நகம் ஓர் இடத்தில் தட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், துரு தின்ற நுண்ணிய குழிகள். மேலே மெருகு ஏறியும் அடிவரை அது எட்டாத குழிகள். எல்லாம் ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அந்த வட்டத்தின் மேல் என் மோதிர விரலை வைத்தேன். சரியாக மூடியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொட்டின் ஈரம் விடுமுறை முழுக்க எஃகில் ஊறியிருக்கிறது. அங்கேயே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீக?"

"சுப்பையா அண்ணன் பொட்டு வைக்கிறப்ப நீ பக்கத்துல இருந்திருக்கியா?"

"வாசல்ல நின்னு பாத்திருக்கேனே. உள்கம்பிக்கு எண்ணெய் தடவி, பேரிங்கு சுத்தி வர்ற மெழுகுத்தாள் இருக்குல்ல, அதச் சுத்திருவாரு. பொட்டு தாளு மேலதான் வைப்பாரு."

"இந்தத் தடவ?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "தாளு சுத்தித்தான் இருந்துச்சு. சாருதான் எடுத்துட்டாரு. சாமிக்கு வைக்கிறத தாளு மேல வைக்கிறது மரியாதையா இருக்காதுன்னு சொன்னாரு. சந்தனம் வழுக்குதுன்னு எண்ணெயவும் வெள்ளைத்துணி வச்சுத் தொடச்சுட்டாரு. அம்புட்டு பக்தியா வச்சாருண்ணே."

எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்கம்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சார் மேஜைக்குப் போனேன்.

"எங்கே?" என்றார்.

"உள்கம்பியில சார். மூணு இடத்துல."

கையை நீட்டி வாங்கினார். நகத்தை ஓட்டினார். ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. மூன்றாவதிலேயே விரலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, நான் அந்தப் பட்டறையில் ஒருநாளும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"யாரு மாணிக்கம்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. ஆகாது, ஆகாதுன்னு எத்தனையோ தடவ முகத்துக்கு நேரா சொல்லியிருக்கீங்கல்ல."

"சார், கம்பியத் திரும்பச் சாணை பிடிச்சா சரியாயிரும்" என்றேன்.

"அதக் கேக்கல" என்றார். விரலை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றார்.

வியாபாரி நல்ல மனிதர். ஒடிவதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் போதும் என்றுதான் சொன்னார். சார் கேட்கவில்லை. பூஜைக்குப் பிறகு செய்தவை அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வந்தன. வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, முகமூடி கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அறுத்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை.

"சார், நல்லதும் அதுல இருக்கும் சார்" என்றாள் ரெஜினா. அத்தனையும் அவள் சுற்றியவை.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சா ஏம்மா அறுக்கேன்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. செம்பட்டிக்காரருக்கும் எளிதாகப் பதில் சொல்லியிருப்பேன். உள்கம்பிகளைத் திரும்பச் சாணை பிடித்தோம். இந்தத் தடவை மெருகு ஏறும்வரை அந்தப் பையனின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரெஜினா துணி சுற்றினாள். உருவியபோது உள்கம்பி வெண்ணெயில் கத்தி போல வந்தது. நுரை அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயிலும் டார்ச் அடித்தேன், காசால் நெடுகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஓசை. எங்கே குறை, எங்கே குறை என்று தேடித் தேடி எனக்கே சலித்துவிட்டது. நாங்கள் செய்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்த செட்டு. பெங்களூர்க்காரரும் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். கதவு இன்னும் மூடவில்லை.

சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கை கழுவிக்கொண்டு வந்தார். எங்கே என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், உருட்டினார், காதருகே வைத்துத் தட்டினார்.

"இன்னொரு தடவ பாத்துருங்க மாணிக்கம்" என்றார்.

பார்த்தேன். திரும்பக் கொண்டுபோனேன். மறுநாளும் அதையே சொன்னார். அந்த வாரம் முழுக்க அதையே சொன்னார். ரெஜினா என்னைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன். கம்புகள் என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தன. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நல்லாருக்குன்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்? என் வாயில அந்த வார்த்தை வர்றதே அபூர்வம். இப்பச் சொல்றேன், நல்லாருக்கு. அனுப்புங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவர் கம்பைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும் மாணிக்கம்" என்றார். "எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. அந்த ஆளோட உள்ளங்கை கண்ணு முன்னால வருது. சரின்னு எழுதப் போனா கை நிக்குது."

"ஒரு பொட்டுதான சார்."

"அதான். தப்புன்னு தெரிஞ்சு செஞ்சிருந்தா அடுத்த தடவ செய்யாம இருந்துக்கலாம். நான் நல்லதுன்னுதான வச்சேன்? இப்ப நல்லதுன்னு எதைச் சொல்றதுக்கும் பயமா இருக்கு."

கம்புகளை என் மேஜைக்கே எடுத்துக்கொண்டு திரும்பினேன். வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டு, வெளிநாட்டுக் குழாய்க்கே திரும்பிப் போனார். ரெஜினா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேன் ஏறினாள். குளிர்பெட்டியின் மின்சாரத்தை நான்தான் நிறுத்தினேன். பட்டறையில் இப்போது டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். கடைசி நாள் சார் எல்லோருக்கும் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் கடைசிச் செட்டில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டேன். அதை ஏன் எடுத்தேன் என்று அவரும் கேட்கவில்லை.

என் வீட்டில் யார் பில்லியர்ட்ஸ் ஆடப் போகிறார்கள்? கொஞ்ச நாள் மூலையில் நின்றது. பிறகு என் மனைவி பாக்கியம், மாடியில் உயரக் கட்டிய கொடியில் துணி போடவும் எடுக்கவும் அதை எடுத்துக்கொண்டாள். கனமே இல்லை, துருப்பிடிக்காது, இதுக்கு மேல ஒரு கம்பு உண்டா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்தாள். வெயிலிலும் மழையிலும் அது மாடியிலேயே கிடந்தது.

போன ஐப்பசியில் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகள் வீட்டோடு போய்விட்டவர், ஊருக்கு வந்த இடத்தில் பார்க்க வந்தாராம். நன்றாக மெலிந்திருந்தார். சட்டைப் பையில் பேனா மட்டும் இருந்தது, டார்ச் இல்லை. மாடியில் காற்று வரும் என்று அங்கே நாற்காலி போட்டேன். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றி, சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு நடுவில் அவர் கண் சுவரோரம் போனது. எழுந்து போனார். கம்பைத் தொடாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "கை கழுவணுமே" என்றார். குழாயைக் காட்டினேன்.

கழுவித் துடைத்துவிட்டு வந்து கம்பை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். சிமென்ட் தரையில் வைத்து உருட்டிவிட்டார். தள்ளாடாமல் ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. எடுத்துக் காதருகே வைத்து, அடியிலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று இடங்களில் நின்று, திரும்பவும் தட்டினார்.

"எந்தச் செட்டு?"

"கடைசிச் செட்டு சார்."

"மழையிலயா கெடந்துச்சு?"

"ஆமா சார். வெயில்லயும்."

இன்னொரு தடவை நெடுகத் தட்டினார். கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தானேய்யா இருக்கு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக ரெஜினாவும் நானும் அவர் மேஜைக்கு முன்னால் எத்தனை நாள் நின்றிருப்போம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பொங்கி வந்த அழுகைக்கும் கோபத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாடிக்கொம்பு பக்கம் வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. பாக்கியம் படியேறி ஓடிவந்தாள். கொடி நிறையத் துணி.

"சார், செத்த அந்தக் கம்பக் குடுங்க, மழை வந்துருச்சு" என்றாள்.

சார் கொடுத்தார்.